ஸ்கேன் நார்மல், வலி மட்டும் குறையவில்லை: டாக்டரை எப்படி நம்புவது, அவரை எப்படி நம்ப வைப்பது?

கரும்பலகை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுத உட்கார்கிறேன். வயது 41. திருச்சி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஆறு வருடமாக இடுப்பு வலி. அப்புறம் அது முதுகு, தோள்பட்டை, பின்கழுத்து என்று ஏறி, இப்போது எங்கே வலிக்கவில்லை என்று சொல்வதுதான் சுலபம். காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். போர்டில் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் தோளில் சுளீர் என்று இழுக்கும், அதனால் இரண்டு வருடமாகப் போர்டின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன், கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.

நான் கேட்க வந்தது டாக்டர்களைப் பற்றி. முதலில் பார்த்தவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டிஸ்க் பிதுங்கியிருக்கு, குனியாதீங்க, குடம் தூக்காதீங்க, இப்படியே விட்டா காலே வராமப் போயிடும்" என்றார். மூன்று மாதம் தரையில் உட்காரவே பயந்தேன். இரண்டாவது டாக்டர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லை, எல்லாம் நார்மல், மனசை ஃப்ரீயா வெச்சுக்கச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். வலி எனக்கு, பதில் அவருக்கு. அன்றைக்கு பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து நான் கொஞ்சம் படுத்தால் மாமியார், "டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாரே" என்பார்.

மூன்றாவது டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார், எதற்கென்று சொல்லவில்லை. பேர் அமிட்ரிப்டிலின். போனில் தேடினால் மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று வந்தது. இவரும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருக்கிறார் என்று அழுதுவிட்டு, நாலு நாளில் நிறுத்திவிட்டேன், திரும்ப அவரிடம் போகவும் இல்லை.

இப்போது தலைமை ஆசிரியர் வேறு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். போவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. உங்களில் யாருக்காவது உங்கள் வலியை நம்புகிற டாக்டர் கிடைத்திருக்கிறாரா? எப்படிப் பேசினீர்கள்?

கீழவீதி

அக்கா, நான் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. அப்பாவின் மூட்டு வலிக்கு ஒரே வருடத்தில் மூன்று இடத்தில் மூன்று ஸ்கேன். பழைய படத்தைக் காட்டினால் "இது தெளிவா இல்லை, இந்த சென்டர்ல எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். அந்த சென்டரிலிருந்து அவருக்கு எவ்வளவு போகிறது என்று யோசித்துக்கொண்டேதான் வெளியே வருகிறோம். இந்த யோசனையோடு எப்படி மாத்திரையை நம்பி விழுங்குவது?

காலை_நடை

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மேடம். என் மனைவிக்கும் இப்படித்தான் இருந்தது, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தபின் நின்றுவிட்டது. உடம்பை வளைக்காமல் இருப்பதும் மனசில் போட்டுக் குழப்புவதும்தான் பாதிக் காரணம். தைரியமாக இருங்கள்.

கரும்பலகை

சார், நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நான் காலை நாலரைக்கு எழுந்து நாலு பேருக்குச் சமைத்துவிட்டு, பஸ் பிடித்து, 38 பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிறேன். உடம்பை வளைக்காமல் இல்லை. ஐந்து கிலோமீட்டர் நடந்து பார்த்தேன், அடுத்த மூன்று நாள் லீவு போட்டேன். "மனசு" என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குக் கதவு சாத்தின சத்தம் மாதிரிக் கேட்கிறது.

ஓபி_டாக்டர்

டீச்சர், நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த இரண்டாவது டாக்டர் சொன்னதை, அதே வார்த்தைகளில், நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கும்போது "நார்மல்" என்பது சீக்கிரம் முடிக்கிற வார்த்தை. எங்களுக்கு அதன் பொருள் "புற்றோ எலும்பு முறிவோ நரம்பை நசுக்குகிற கட்டியோ இல்லை, நிம்மதியாக இருங்கள்" என்பது. கேட்கிறவருக்கு அது "நீ பொய் சொல்கிறாய்" என்று போய்ச் சேர்கிறது. இது தெரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

முதலில் உங்கள் படத்தைப் பற்றி. முதுகுவலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 3,110 பேரின் படங்களை வைத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதில் இருப்பவர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 40 வயதில் 50 சதவீதம். 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் எல்லோரும் வலி இல்லாதவர்கள். அப்படியென்றால் உங்கள் வயதில் பிதுக்கம் தெரிவது, தலையில் நாலு நரை தெரிகிற மாதிரி. முதல் டாக்டர் உங்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது டாக்டர் படத்தைச் சரியாகத்தான் படித்தார், உங்களைப் படிக்கவில்லை. படத்தில் வலி தெரியாது, அவ்வளவுதான். வலி இல்லை என்று படம் சொல்லவே இல்லை.

கையில் எண்ணெய் பட்டுக் கொப்பளித்த இடத்தில் அப்புறம் புடவைத் தலைப்பு உரசினாலே எரியும் இல்லையா? துணியில் சூடு இல்லை, ஆனால் எரிச்சல் நிஜம், ஏனென்றால் அந்த இடத்து நரம்புகள் சின்னத் தொடுதலையும் பெரிதாகச் சொல்கிற நிலைக்குப் போய்விட்டன. வருடக்கணக்கில் வலி இருந்தால் தண்டுவடத்திலும் மூளையிலும் இருக்கிற வலிப் பாதையே இப்படி ஆகிவிடும். ஆரம்பத்தில் காயம் இருந்திருக்கலாம், அது ஆறியும் இருக்கலாம், பாதை மட்டும் கூர்மையாகவே நிற்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இந்த மாதிரி வலிக்குத் தனி இடமே உண்டு. அதை ஒரு நோயாகவே எழுதலாம், வேறொரு நோயின் நிழலாகக் காட்ட வேண்டியதில்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. எனவே உங்களை நம்புவது நாங்கள் காட்டும் கருணை என்று நினைக்காதீர்கள், எங்கள் வேலையே அதுதான்.

அடுத்து அந்த மாத்திரை. அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்குத்தான் முதலில் வந்தது, அதற்கு 75 மில்லிகிராம், 150 என்று கொடுப்பார்கள். வலிக்கு 10 அல்லது 25தான். வலியைக் கீழே அழுத்துகிற நரம்புப் பாதைகளுக்கு அது பலம் கொடுக்கிறது, தூக்கமும் வரும். உங்கள் மூன்றாவது டாக்டர் அநேகமாக உங்கள் வலியை நம்பித்தான் அதை எழுதினார். அந்த ஒரு நிமிட விளக்கத்தைச் சொல்லாமல் விட்டதில் உங்களையே இழந்துவிட்டார். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எத்தனை பேர் என்னிடமிருந்து இப்படிப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, திரும்பி வராதவர்களை நாங்கள் எண்ணுவதே இல்லை.

கீழவீதி தம்பிக்கு: கமிஷன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிற இடங்களில் இருக்கிறது. ஸ்கேன் எழுதினால், "இதில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும் சார்?" என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்கிறவரிடம் எடுங்கள், கோபப்படுகிறவரிடம் எடுக்க வேண்டாம்.

கணையம்_29

நான் வேறு மாதிரிக் கதை. எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி. 22 வயதிலிருந்து. வலி வந்தால் வயிற்றைப் பிசைந்து முதுகு வரை ஊடுருவும், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் கிடப்பேன். எனக்கு ட்ரமடால் என்ற பலமான வலி மருந்தை எழுதுவார்கள். 2018இல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு மெடிக்கலில் சீட்டைக் காட்டினாலும் மேலும் கீழும் பார்க்கிறார்கள். தப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பது எனக்கும் தெரியும், என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். "எந்த மருந்து கேட்கும் உங்களுக்கு?" என்று கேட்டார் பயிற்சி டாக்டர். பேரைச் சொன்னேன். அந்த நிமிடம் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கையைத் திருப்பி ஊசித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு "பையன் குடிப்பானா?" என்று கேட்டார். நான் குடித்ததே இல்லை. நம் தென்னிந்தியாவில் குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருவது நிறைய உண்டு, அது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. காலை வரை வெறும் டிரிப்ஸ்.

அதற்குப் பிறகு ஒன்று கற்றுக்கொண்டேன். வலி வந்தால் அமைதியாக இருந்தால் "வலி இல்லை" என்கிறார்கள், கத்தினால் "நடிக்கிறான்" என்கிறார்கள். ஆக எப்படி நடந்துகொள்வது என்றே யோசித்துக்கொண்டு வலியைப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

என் வழக்கமான டாக்டரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் தன் லெட்டர்ஹெட்டில் எட்டு வரி எழுதிக் கொடுத்தார்: என்ன நோய், எந்த வருடம் உறுதியானது, வலி வந்தால் எந்த மருந்து எந்த அளவு, தன் போன் நம்பர், "எந்த நேரமும் கூப்பிடலாம்" என்று கடைசி வரி. லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று முறை காட்டியிருக்கிறேன். மூன்று முறையும் அரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டார்கள்.

ஓபி_டாக்டர்

தம்பி, அந்த எட்டு வரியை ஒவ்வொரு நாள்பட்ட வலி நோயாளிக்கும் நாங்கள் எழுதித் தர வேண்டும். நாளைக்கு என் ஓ.பி.யில் யாருக்கெல்லாம் தரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் இருந்து ஒன்று சொல்லட்டுமா? நாங்களும் ஏமாந்திருக்கிறோம். ஒரு பெரியவர், மூட்டுவலி, என் மாத்திரை கேட்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆறு மாதம் கழித்து முகம் உப்பி, சர்க்கரை ஏறி வந்தபோதுதான் தெரிந்தது, ஊரில் ஒருவர் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. இன்னொரு அம்மா மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி வருடக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டு, கிரியேட்டினின் ஏறிய பிறகு, அதாவது சிறுநீரகம் கெட ஆரம்பித்த பிறகு வந்தார். இருவருமே என்னிடம் "வேறு எதுவும் சாப்பிடவில்லை" என்றவர்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க திட்டுவீங்கன்னுதான் சார்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது சரி, நான் திட்டியிருப்பேன். இப்போது நானே முதலில் கேட்டுவிடுகிறேன்: "மெடிக்கல்ல வாங்கினது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தது, எல்லாரும் சாப்பிடறதுதான், நீங்க என்னென்ன சாப்பிடறீங்க?" அப்படிக் கேட்டால் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறார்கள்.

பிசியோ_அறை

நான் பிசியோதெரபிஸ்ட். எங்களிடம் வருகிறவர்கள் "கரண்ட் வைங்க" என்றுதான் வருவார்கள். பயிற்சி சொன்னால் இரண்டாவது நாளிலேயே வர மாட்டார்கள், ஏனென்றால் "வலிக்குதுன்னு வந்தா குனிய வேற சொல்றாரு". டாக்டர் குனியாதே என்று பயமுறுத்தி அனுப்பியிருப்பார், நான் குனி என்கிறேன், யாரை நம்புவார்கள் பாவம்?

பூ கட்டி விற்கிற ஒரு அம்மா வந்தார், வயது அறுபது இருக்கும். இடுப்பு வலி, ஏழெட்டு வருடம். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு என்ன தெரியும், நெறைய" என்றார். சரி, வலியால் எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. மார்கழி மாதம் கோயிலுக்கென்று தன் கையால் ஒரு சரம் கட்டுவாராம், காசு வாங்காமல். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் இரண்டு வருடமாக அது நின்றுபோயிருக்கிறது. அப்போது ஆகஸ்ட். மார்கழிக்கு நாலு மாதம் இருக்கிறது, அதுவரை பார்ப்போம் என்றேன். முதல் வாரம் மணைப்பலகையில் இரண்டு நிமிடம் உட்கார்வது, வலித்தாலும் இரண்டு நிமிடம், வலிக்காவிட்டாலும் இரண்டே நிமிடம். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், வலி குறைந்த நாளில் சேர்த்துச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவார்கள். அந்த அம்மா கடிகாரம் பார்க்கத் தெரியாதென்று ஒரு முழம் கட்டி முடிக்கும் நேரத்தை அளவாக வைத்துக்கொண்டார். முதலில் அரை முழம், அடுத்து முக்கால். டிசம்பரில் இரண்டு முழம் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வலி போகவில்லை, "இருக்கு, ஆனா உட்காந்துக்கறேன்" என்றார்.

காலை_நடை சாருக்கும் அதையேதான் சொல்வேன். நடப்பது நல்லதுதான் சார். ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெளியே வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) வீட்டுக்கே வந்து பிசியோ பார்க்கும் ஏற்பாடு உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

காலை_நடை

சரி, ஒத்துக்கொள்கிறேன். டீச்சர், மன்னிக்க வேண்டும்.

தேம்ஸ்_கரை

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில். இங்கே வரிசை இல்லை, ஆனால் டாக்டரோடு பத்து நிமிடந்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, போனில் மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். அம்மா "நாரி நோகுது, கால் முழுக்க உளையுது, விறைக்குது" என்று சொன்னா. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுப் பிள்ளை, "நாரி" என்றால் எங்கள் பேச்சில் இடுப்பு, அது அவவுக்கு விளங்கவில்லை. அம்மா மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டா. டாக்டரின் குறிப்பில் "பொதுவான உடல்வலி" என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த தரம் நான் லீவு போட்டுக் கூடப் போனேன், இடுப்பைக் காட்டி, விறைப்பு எந்தக் காலில், எந்த விரல் வரை என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த டாக்டர் எழும்பி வந்து காலைத் தொட்டுப் பார்த்தார்.

ஓபி_டாக்டர்

தேம்ஸ்_கரை சொன்னது பெரிய விஷயம். நம் மொழியில் வலிக்கு எவ்வளவு வார்த்தை இருக்கிறது: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைதல், விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று தைப்பது, மதமதப்பு, எறும்பு ஊர்வது, கரண்ட் அடிப்பது. இதையெல்லாம் நாங்கள் கேஸ் ஷீட்டில் ஒரே ஆங்கில வார்த்தையாகச் சுருக்கிவிடுகிறோம். நரம்பு வலியைக் கண்டுபிடிக்க டிஎன்4 என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு முறை உண்டு. அதில் கேட்பதே எரிகிறதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, மரத்துப்போகிறதா என்றுதான். பாட்டிகள் கேட்காமலே இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுவார்கள், நாம் பேச விட்டால். அமெரிக்காவில் 1984இல் வந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார் என்று பதிவானது. என் ஓ.பி.யில் யாராவது கடிகாரம் வைத்தால் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

டீச்சர், அடுத்த டாக்டரிடம் ஃபைல் முழுவதையும் முதலிலேயே கொட்டாதீர்கள். ஒரு பக்கத் தாள் போதும். எப்போது ஆரம்பித்தது, எங்கிருந்து எங்கே பரவியது, உங்கள் வார்த்தையில் எப்படி வலிக்கிறது, என்னென்ன சாப்பிட்டு எதை ஏன் நிறுத்தினீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. போர்டு விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரு டாக்டருக்கு அது பத்துக்கு எட்டு என்பதைவிட அதிகம் சொல்லும்.

கரும்பலகை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய் வந்தேன். தாளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன், மூன்று முறை கிழித்துப் போட்டேன், கடைசியில் ஒரு பக்கத்தில் அடங்கியது. மாத்திரையை நாலு நாளில் நிறுத்தியதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதிவிட்டேன்.

இந்த டாக்டர் அம்மா தாளை வாங்கி முழுசாகப் படித்தார். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "கையைத் தூக்குங்க, எந்த உயரத்துல இழுக்குது?" என்றார். தூக்கினேன். என் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே, "இங்கயா, இங்கயா?" என்று மெதுவாக மேலே கொண்டுபோனார். ஆறு வருடத்தில் என்னைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் இவர்தான். "உங்க வலி நிஜம். முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்னு இல்லை" என்றார். மாத்திரையை நிறுத்தியதற்குத் திட்டவில்லை. "யாரும் விளக்கிச் சொல்லலைன்னா நானும் நிறுத்தியிருப்பேன்" என்றார். அதே மாத்திரைதான், 10 மில்லிகிராம், ஆனால் இந்தத் தடவை எதற்கு, எத்தனை வாரத்தில் பலன் தெரியும், வாய் உலரும், பாடம் நடத்தும்போது தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாம் சொன்னார். பிசியோவுக்கும் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர், "சாயங்காலம் தண்ணி நான் புடிச்சு வெக்கறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வலி அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் காலையில் எட்டு மணி வரை தலை மந்தமாக இருக்கிறது, நாலரைக்கு எழ முடியவில்லை. போன தடவை மாதிரி நானாக நிறுத்தக் கூடாது என்று இருக்கிறேன். என்ன செய்யட்டும் டாக்டர்?

ஓபி_டாக்டர்

எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? பத்துக்கென்றால், எட்டுக்குப் போடுவதால் காலை மந்தம் குறைகிறவர்கள் நிறைய. ஆனால் இதை என்னிடம் கேட்டதோடு விடாமல் அந்த டாக்டர் அம்மாவிடமே சொல்லுங்கள், நாலரை மணி விஷயத்தையும் சேர்த்து.

கரும்பலகை

பத்தரைக்குத்தான் போடுகிறேன். டாக்டர் அம்மா வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், தாளில் எழுதி வைத்துவிட்டேன்.